வீடியோ விளங்கிச்சு, பௌதிகம் விளங்கேல்லை



இந்தக் கிழமை எபிசோட்டில் படிப்புக்கு ஏஐ பாவிக்கிறதைப் பற்றிக் கதைச்சோம். நேரம் காணாமல் விட்ட ஒரு விஷயத்தை இங்கே எழுதுறன். அதுக்கு முதல் ஒரு சின்னச் சோதனை. ஒரு பேப்பரில் கீறிப் பார்த்திட்டுக் கீழே வாங்கோ.

நூலில் கட்டின ஒரு குண்டு ஊசலாடுது. அது நடுப்புள்ளியைத் தாண்டி வலப்பக்கம் போற நேரத்தில் அதன்மேல் என்னென்ன விசைகள்? காற்றை விட்டுவிடுங்கோ.

விடை இரண்டே இரண்டுதான். பூமி கீழே இழுக்குது, நூல் தன் வழியே மேலே இழுக்குது. "வலப்பக்கம் தள்ளுற விசை" என்று மூன்றாவது அம்பு போட்டீங்களா? நிறையப் பேர் போடுவினம். 1981இல் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்வைன் ஷோபேர்க், ஸ்வைன் லீ இருவரும் நோர்வேயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இப்படியான கேள்விகளைக் கேட்டார்கள். பள்ளி மாணவர்கள் மட்டுமில்லை, ஆசிரியராக வரப் படித்தவர்களும் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தவர்களும் அதில் இருந்தார்கள். இல்லாத விசையைப் பலர் சேர்த்தார்கள், இருக்கிற நூலின் இழுவையைப் பலர் மறந்தார்கள். பரீட்சை பாஸ் பண்ணினவர்களுக்கே இந்த நிலைமை.

ஏன் இப்படி? முதல் காரணம் எங்கட அனுபவம். கடையில் வண்டிலைத் தள்ளுறதை நிப்பாட்டினால் அது நிண்டுபோகும். "ஓடுறதுக்கு விசை வேணும்" என்று சின்ன வயசிலேயே மனசில் பதிஞ்சிடும். உண்மையில் வண்டிலை நிப்பாட்டுறது உராய்வு. அது கண்ணுக்குத் தெரியாது. ஐஸில் ஸ்கேட் பண்ணேக்க உராய்வு குறைவு, அதனால்தான் ஒருக்கா உந்தினால் கனதூரம் போறம்.

இரண்டாவது, சொற்கள். நோர்வேஜிய மொழியில் 'க்ராஃப்ட்' என்றால் பௌதிகத்தில் விசை, ஆனால் செய்தியில் அதே சொல் நீர்மின்சாரத்துக்கும் வரும். தமிழிலும் "விசையா ஓடு" என்றால் வேகமா ஓடு என்றுதான் அர்த்தம். இரண்டு மொழியிலும் வீட்டுச் சொல் ஒன்றைச் சொல்லுது, வகுப்புச் சொல் இன்னொன்றைச் சொல்லுது.

மூன்றாவது, சூத்திரம் தெரிஞ்சால் புள்ளி வரும். பழைய எண்ணத்தோட மோதாமலே அந்தச் சூத்திரம் மூளையில் பக்கத்தில் போய் இருக்கும். கணக்குச் செய்ய ஒன்று, வாழ்க்கைக்கு மற்றது.

இப்ப டெக் பக்கம் வருவம். வெரிட்டாசியம் யூடியூப் சேனலின் டெரெக் முல்லர் தன் கலாநிதிப் பட்ட ஆய்வில் மாணவர்களுக்குப் பௌதிக வீடியோக்களைக் காட்டினார். நேராக, தெளிவாக விளக்கின வீடியோவை எல்லாரும் "நல்லா விளங்குது" என்றார்கள். ஆனால் சோதனையில் சராசரி 26க்கு 6.0இல் இருந்து 6.3 ஆனது, அவ்வளவுதான். பிழையான எண்ணத்தை ஒருவர் சொல்ல, மற்றவர் கேள்வி கேட்டு உடைக்கிற வீடியோ குழப்பமா இருக்கு என்றார்கள். அதைப் பார்த்தவர்களின் சராசரி கிட்டத்தட்ட 11க்கு ஏறினது.

தெளிவான விளக்கம் கேட்கேக்க, "இது எனக்குத் தெரியும்தானே" என்று மூளை அசையாமல் இருந்திடும். ஏஐயிடம் "விளங்கப்படுத்து" என்று கேட்டாலும் அதே ஆபத்துத்தான். அதனால் கேட்கிற விதத்தை மாத்துங்கோ: "நான் இப்படி நினைக்கிறன். எந்த இடத்தில் இது பிழைக்கும்?"

தம்பி தங்கச்சிக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் குடுக்கிறவர்களுக்கும் இதே வழிதான். விடையைச் சொல்லாதேங்கோ, முதலில் என்ன நடக்கும் என்று சொல்ல விடுங்கோ. டி-பானே ஒரே வேகத்தில் நேரா ஓடேக்க ஒரு காசை மேலே எறிஞ்சால் எங்கே விழும்? "முன்னுக்குப் போக விசை வேணும்" என்றால், கையை விட்ட காசு பின்னுக்கு விழவேணும். எறிஞ்சு பாருங்கோ, கைக்கே திரும்பி வரும். அந்த ஒரு கணம் வர்ற ஆச்சரியம்தான் பழைய எண்ணத்தை ஆட்டத் தொடங்கும். ஒருக்கா செய்தால் காணாது, வேற வேற இடத்தில் திருப்பித் திருப்பிச் செய்யவேணும்.

இந்தக் கிழமை வீட்டில் ஊசல் கேள்வியைக் கேளுங்கோ. எத்தனை அம்பு கீறினவை என்று எங்களுக்கு எழுதுங்கோ. அம்மா அப்பாவையும் விடாதேங்கோ!