சரக்குக்கு முன்னே செல்லும் எண்கள்: ஈ-வே பில் முதல் துறைமுகம் வரை

சரக்கு அனுப்பும் வணிகர்கள் முன்பு பார்த்தது லாரி வாடகை, தார்ப்பாய், டிரைவரின் நாணயம் ஆகிய மூன்றைத்தான். இன்று வண்டியோடு செல்லும் எண்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ராஜபாளையத்திலிருந்து தென்காசி வழியாகக் கேரளாவுக்குச் சென்ற சரக்கெல்லாம் ஒரு காலத்தில் புளியரைச் சோதனைச் சாவடியில் காத்துக் கிடந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் விற்பனை வரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. ஆனால் சோதனை நிற்கவில்லை. அது கம்ப்யூட்டருக்கு மாறியது.

வெளிமாநிலச் சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், தமிழகத்துக்குள் அதே ஆண்டு ஜூன் 2 முதலும் ஈ-வே பில் நடைமுறைக்கு வந்தது. வெளிமாநிலத்துக்கு ரூ.50,000, தமிழகத்துக்குள் ரூ.1 லட்சம் மதிப்பைத் தாண்டினால் பில் வேண்டும். 2021 முதல் இது பாஸ்டாக்குடன் இணைக்கப்பட்டுள்ளது. எந்த வண்டி எந்தச் சுங்கச்சாவடியை எப்போது கடந்தது என்பதை அதிகாரிகள் இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். ஒரே பில்லில் இரண்டு நடை ஓட்டுவது இனி மறையாது.

ஏற்றுமதியில் நடப்பது என்ன?

ராஜபாளையம் அருகே சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி வெளிநாடுகளுக்குச் செல்கிறது. நமக்கு அருகிலுள்ள பெரிய துறைமுகம் தூத்துக்குடி. அனுமதி பெற்ற ஏற்றுமதியாளர் தம் கிட்டங்கியிலேயே கன்டெய்னரை நிரப்பி, 2017-இல் அறிமுகமான மின்னணு முத்திரையைப் பூட்டி அனுப்பலாம். துறைமுக வாசலில் கருவி அந்த முத்திரையைப் படிக்கும். எண்கள் ஒத்துப்போய், சந்தேகத்துக்கு இடமில்லையென்றால் பெட்டியைப் பிரிக்க வேண்டியதில்லை. கன்டெய்னர் நிறைய சரக்கு இல்லாத சிறு வியாபாரி, தூத்துக்குடியிலுள்ள சரக்கு நிலையத்தில் மற்றவர் சரக்கோடு சேர்த்து அனுப்பலாம்.

எண் தவறினால் பெட்டி வாசலில் நிற்கும். தூத்துக்குடிப் பெட்டிகள் பல கொழும்பு சென்று பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. இங்கே ஒரு கப்பல் தவறினால் அங்கேயும் தவறும். வங்கியின் கடன் உறுதிக் கடிதத்தில் குறித்த தேதி கடந்துவிட்டால், நல்ல சரக்குக்கும் பணம் தடைபடும். நட்டம் முழுவதும் அனுப்பியவர் தலையில்தான் விழும்.

சிங்கப்பூர் 1989-லேயே ஏற்றுமதி இறக்குமதிப் படிவங்களை ஒரே கம்ப்யூட்டர் வழியில் கொண்டுவந்தது. உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிமை ஒப்பந்தம் 2017 பிப்ரவரி 22-இல் அமலுக்கு வந்தது. இந்தியாவும் அதில் உண்டு. வளரும் நாடுகளின் சரக்கு வாசலில் காத்திருந்தே விலை ஏறுகிறது என்பதுதான் இவற்றுக்கெல்லாம் காரணம்.

வணிகர்கள் கவனிக்க:

1. பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும். லாரி வழியில் நின்றால், கெடு முடியும் நேரத்துக்கு 8 மணி முன்போ பின்போ நீட்டித்துக் கொள்ளலாம்.

2. வண்டி மாறினால் புது வண்டி எண்ணைப் பகுதி-பி-யில் உடனே பதிய வேண்டும்.

3. ஸ்ரீவில்லிபுத்தூர் கடையிலிருந்து ராஜபாளையம் லாரி ஆபீஸ் வரை அனுப்பும்போது பகுதி-பி தேவையில்லை. மாநிலத்துக்குள் 50 கிலோமீட்டர் வரை இச்சலுகை உண்டு.

4. ஏற்றுமதியில் இன்வாய்ஸ், ஷிப்பிங் பில், ஈ-வே பில், முத்திரை எண் ஆகியவற்றை வண்டி கிளம்பும் முன் ஒருவர் படிக்க, மற்றவர் சரிபார்க்க வேண்டும்.

பில் இல்லாமல் பிடிபட்டால், வரிக்குரிய சரக்கின் உரிமையாளர் முன்வந்து கேட்டாலும் வரியைப்போல் இரு மடங்கு அபராதம். அதேசமயம் வண்டி எண்ணில் ஓரிரு எழுத்துப் பிழை போன்ற சிறு தவறுக்கு மத்திய, மாநில வரிச் சட்டங்களில் தலா ரூ.500 மட்டுமே என்று 2018 செப்டம்பர் 14 சுற்றறிக்கை கூறுகிறது. இதன் நகலைக் கடையிலும் லாரியிலும் வைத்திருப்பது நல்லது.

கணக்குப் பிள்ளையிடம் விட்டுவிடாமல், முதலாளிகளும் இந்த நடைமுறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளூரில் ஒழுங்காகப் பில் போடப் பழகியவருக்குத் துறைமுகம் தூரமில்லை.