இரு கமராக்களில் எதனை வைத்துக்கொள்வது?

சென்ற ஆண்டிறுதியில் எமது பழைய மாணவர் சங்கத்தின் அலுமாரிக்கு இரண்டு எண்ணியல் கமராக்கள் வந்து சேர்ந்தன. ஒன்று தொரன்ரோவிலிருந்தும் மற்றது மெல்பேணிலிருந்தும் வந்தது. அனுப்பியோர் இருவரும் எம் கல்லூரியின் பழைய மாணவர். ஒருவர் அனுப்பியதை மற்றவர் அறியார். தாம் பல்லாண்டு பயன்படுத்திப் பின் ஒதுக்கி வைத்திருந்தவற்றை விழாப் பணிக்கு உதவட்டும் என அன்புடன் அனுப்பியிருந்தனர். செயற்குழு கூடி, ஒன்றைச் சங்கம் வைத்துக்கொள்வதென்றும் மற்றதைப் படுவான்கரையிலுள்ள சிறு பாடசாலையொன்றுக்கு அளிப்பதென்றும் தீர்மானித்தது. இரண்டையும் நாமே வைத்துக்கொண்டாலென்ன என்று கேட்டோரும் உளர். ஆனால், எம் வாவிக்கரைக் காற்றில் எடுத்தாளப்படாது கிடக்கும் கமரா இரண்டு மாரிக்குள் வில்லையிற் பூஞ்சணம் பிடித்துப் பாழாகிவிடும் என்பது பட்டறிந்தோர் கூற்று. அவ்வாறு பட்டறிந்தோருள் நானும் ஒருவன். அதுபற்றியே போலும், எதனை வைத்துக்கொள்வதென்று ஆராய்ந்து கூறும் பொறுப்பு, நான் தமிழாசிரியனாயிருந்தும், என் தலையில் விழுந்தது.

முதலில் இரண்டினையும் வாசகர்க்கு அறிமுகஞ் செய்கின்றேன். தொரன்ரோவிலிருந்து வந்தது நிக்கோன் டி 40 என்பது. 2006 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. ஆடி வழியாகப் பார்த்துப் படம் பிடிக்கும் வகையைச் சேர்ந்தது. வில்லையைக் கழற்றி மாற்றலாம். அதன் படம் ஆறு மெகாபிக்செல் அளவினது. அஃதாவது அகலத்தில் 3008 புள்ளிகளும் உயரத்தில் 2000 புள்ளிகளும் கொண்டது. மெல்பேணிலிருந்து வந்தது கனன் பவர்ஷொட் ஜி 9. 2007 இல் வெளியானது. வில்லை உடலோடு பொருத்தப்பட்டது, மாற்ற இயலாது. சட்டைப் பைக்குட் கொள்ளாவிடினும் நீளக் காற்சட்டைப் பைக்குட் கொள்ளும். ஆயின் அதன் படமோ பன்னிரண்டு மெகாபிக்செல்: 4000க்கு 3000.

இவ்விபரங்களைக் கேட்டவுடனேயே குழுவினர் இரு கட்சியாயினர். பன்னிரண்டு ஆறினும் பெரிது. ஆகவே சிறிய கமராவே சிறந்தது என்றனர் ஒரு சாரார். பெரிய உடலும் பெரிய வில்லையும் உடையதே தொழில்வல்லார் கருவி; அதனைக் கைவிடுவது மடமை என்றனர் மறுசாரார். இரு சாராரும் கமராக்களைக் கையிலெடுத்து ஒரு படமேனும் பிடித்துப் பார்த்தாரல்லர்.

எண்ணியல் கமராவினுள் பிலிமுக்குப் பதிலாக ஒளியுணரி என்னும் தகடு இருக்கின்றது. ஒளியை மின்னேற்றமாக மாற்றிச் சேர்க்கும் இத்தகட்டினை 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கண்டவர்கள் வில்லார்ட் பொயில், ஜோர்ஜ் ஸ்மித் என்னும் இருவர். நாற்பது ஆண்டுகளின் பின், 2009 இல், அதற்காக நோபல் பரிசு பெற்றனர். ஈண்டு நாம் கருதும் இரு கமராக்களிலும் உள்ளது அவ்வகைத் தகடே. வேறுபாடு அதன் பரப்பில் இருக்கின்றது. டி 40 இன் தகடு ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் அகலமும் 16 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. ஜி 9 இன் தகடோ ஏழரை மில்லிமீற்றருக்கு ஐந்தரை மில்லிமீற்றர். சுண்டுவிரல் நகத்தினும் சிறியது.

மழைக்காலத்தில் முற்றத்தில் ஆறு அண்டாக்களை ஒருபுறமும் பன்னிரண்டு சிரட்டைகளை மறுபுறமும் வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். மாரி மழை கொட்டும்போது அண்டாவும் நிறையும், சிரட்டையும் நிறையும். பாத்திரந்தோறும் எவ்வளவு நீர் விழுந்ததென அளந்து எழுதுவதானால், பன்னிரண்டு அளவுகள் கிடைக்கும் சிரட்டைப் பக்கமே நுணுக்கமானது. ஆனால் தூறல் மட்டும் விழும் நாளில் சிரட்டைக்குள் நாலு துளி விழுந்ததோ ஐந்து விழுந்ததோ என்பது தற்செயலாகிவிடும். அண்டாவிலோ அப்போதும் அளக்கத்தக்க நீர் இருக்கும். ஒளியும் துளிதுளியாகவே விழுகின்றது. டி 40 இன் ஒரு பிக்செல், ஜி 9 இன் ஒரு பிக்செலைப் போல ஏறத்தாழ 18 மடங்கு பரப்புடையது. வெயிலில் இவ்வேறுபாடு தோன்றாது. இருளில் சிறிய பிக்செல் தடுமாறிப் படத்தில் மணல் தூவினாற்போன்ற பொரிகளை உண்டாக்கும்.

இதனைக் கண்ணாற் காண்பதற்காக, பரிசளிப்பு விழா ஒத்திகையன்று மாலை இரண்டினையும் எடுத்துக்கொண்டு மண்டபத்திற்குச் சென்றேன். மேடைக்கு மேலே குழல்விளக்குகள் இரண்டு. அவற்றுள் ஒன்று கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. பிளாஷ் இன்றி, ஒளியுணர்வை ஐ.எஸ்.ஓ. 1600 வரை உயர்த்தி, பாடும் பிள்ளைகளை இரு கருவிகளாலும் பிடித்தேன். டி 40 இன் படங்களில் முகங்கள் முகங்களாகவே இருந்தன. ஜி 9 இல் 800 ஐத் தாண்டியதும் தலைமயிர் ஒரே கறுப்புப் பூச்சாயிற்று. அன்றியும், பொத்தானை அழுத்திய கணத்துக்கும் படம் பதிந்த கணத்துக்கும் இடையே சிறிய கருவி சற்றுத் தாமதிக்கின்றது. நாட்டியமாடும் சிறுமி கையை உயர்த்தக் கண்டு நான் அழுத்துவேன். படத்தில் கை இறங்கியிருக்கும். பெரிய கருவி கேட்டவுடன் கொடுத்தது. அன்றிரவு என் குறிப்பேட்டில், "டி 40 ஐ வைத்துக்கொள்க" என்றே எழுதிவைத்தேன்.

நிற்க. அடுத்த கிழமை ஒரு பழைய மாணவர், எழுபத்தைந்து வயது கடந்தவர், துணியிற் சுற்றிய ஒரு படத்தைக் கொணர்ந்தார். கண்ணாடிச் சட்டமிட்ட வகுப்புப் படம். 1978 நவம்பர் 23 ஆம் நாள் வீசிய சூறாவளியில் எம்மூரில் எத்தனையோ வீடுகளின் கூரைகளோடு படங்களும் போயின. இப்படம் வாவிக்கு அப்பால் ஓர் உறவினர் வீட்டில் இருந்தமையால் நனைந்தும் தப்பியது. நனைந்ததன் பயனாகப் படத்தின் மேற்பரப்பு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அவரிடமும் அவர் தம்பியிடமும் இருந்த வேறு படங்கள் நாவலடியிலிருந்த வீட்டோடு 2004 டிசம்பர் 26 ஆம் நாட் கடலிற் போயின. தம்பியும் அன்று போயினார்.

அவர் எம்மிடம் கேட்டது ஒன்றே. அண்ணனும் தம்பியும் ஓராண்டு இடைவெளியில் ஒரே வகுப்பைக் கடந்தவர்கள். உருவத்தில் ஒருவரை ஒருவர் ஒத்தவர்கள். இரண்டாம் வரிசையில் இடமிருந்து நான்காவதாக நிற்கும் பையன் 1963 ஆம் ஆண்டின் தாமோ, 1964 ஆம் ஆண்டின் தம்பியோ என்பது அவருக்கே தெளிவில்லை. முன்வரிசையில் ஒரு மாணவன் மடியில் வகுப்பும் ஆண்டும் எழுதிய கற்பலகை இருக்கின்றது. அவ்வெழுத்துக்களோ நகத்தளவினும் சிறியன, கறையும் படிந்திருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும், கண்ணாடியின் பளபளப்பும் கறையும் சேர்ந்து எம் கண்களை ஏய்த்தன.

ஒட்டிய படத்தைக் கண்ணாடியிலிருந்து உரிக்கலாகாது. உரித்தால் உருவம் கண்ணாடியிலும் காகிதம் கையிலுமாக நிற்கும். கண்ணாடியோடே பிரதி செய்தல் வேண்டும். எங்கள் அலுவலகத்து ஸ்கானரில் அச்சட்டம் கொள்ளவில்லை. கறையான் அரித்த சட்டமாதலால் நிமிர்த்தி வைக்கவும் அஞ்சினேன். ஆகவே படத்தை நிலத்திற் கிடத்தி, இரு மேசைகளுக்கிடையே ஒரு பலகையிட்டு, அதில் கமராவைக் கீழ்நோக்கித் திருகினேன். வடபுற யன்னல் வெளிச்சம் போதுமானதாயிருந்தது. கண்ணாடியில் எம் நிழல் விழாதிருக்கக் கறுப்புத் துணியொன்றை வில்லையைச் சுற்றித் தொங்கவிட்டோம். கமரா படத்துக்கு நேராக இருக்கின்றதா என அறிவதற்கு ஓர் எளிய வழியுண்டு: படத்தின் நடுவில் சிறு முகம்பார்க்கும் கண்ணாடியொன்றை வைத்தால், கமராவின் வில்லை தன்னைத்தானே நட்டநடுவிற் காணும்வரை சரிசெய்யலாம். மாணவர் இருவர் இதனை என்னிலும் விரைவிற் கற்றுக்கொண்டனர்.

முதலில் டி 40. இதிலே படம் பிடிக்குமுன் காட்சியைப் பின்புறத் திரையில் காண இயலாது. கண்ணைத் துவாரத்தில் வைத்தே பார்த்தல் வேண்டும். கமராவோ நிலத்தை நோக்கி நிற்கின்றது. எனவே கதிரையில் ஏறி, கழுத்தை நாரைபோல் வளைத்துப் பார்க்கவேண்டியதாயிற்று. ஜி 9 இன் மூன்று அங்குலத் திரையோ மேல்நோக்கி இருந்தமையால் நின்றபடியே கண்டோம். அதன் ஒளியுணர்வை மிகக் குறைந்த ஐ.எஸ்.ஓ. 80 இல் வைத்தேன். அசையாத பொருளாதலால் நீண்ட நேரம் ஒளியைச் சேர்க்கத் தடையில்லை. வில்லையின் அகன்ற முனையில் நேர்க்கோடுகள் சற்று வளையுமாதலால், நடுத்தரத் தூரத்துக்கு இழுத்துக்கொண்டேன். கைபட்டு ஆடாதிருக்க, இரண்டு விநாடி கழித்துத் தானே பதியும் முறையைப் பயன்படுத்தினேன்.

கணினியில் இரண்டு பிரதிகளையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பெருப்பித்தபோது, டி 40 இன் பிரதியில் ஆண்டின் கடைசி இலக்கம் ஒரு வெள்ளைக் கறையாகவே நின்றது. ஜி 9 இன் பிரதியில் அவ்விலக்கத்திற்குக் குறுக்குக் கோடும் தண்டும் தோன்றின. 1964. பெரியவர் ஒன்றும் பேசாமல் நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியின் பிள்ளைப் பருவத்துப் படம் வேறொன்று அவரிடம் இல்லை.

இதன் பின் என் குறிப்பேட்டில் எழுதியதை வெட்டிவிட்டேன். முன்னர் எழுதியது பிழையன்று. மண்டபத்தில் டி 40 உயர்ந்ததே. ஆனால் மண்டபத்து விழாவை அடுத்த ஆண்டும் படம் பிடிக்கலாம். பெற்றோர் நூறுபேர் கைப்பேசியோடு வந்து நிற்கின்றனர். இக்காலத்துக் கைப்பேசி, பல படங்களை ஒரு நொடியிற் பிடித்து ஒன்றாகச் சேர்ப்பதால், மங்கல் ஒளியில் இவ்விரண்டு பழைய கருவிகளையும் வெல்லவுங் கூடும். பழம்படங்களின் நிலை வேறு. பொலிதீன் பையிலும் தகரப் பெட்டியிலும் அவை ஆண்டுக்காண்டு மங்கிக்கொண்டிருக்கின்றன. சங்கத்துக்கு முன்னுள்ள வேலை இதுவே. இவ்வேலைக்கு நல்ல வெளிச்சமும் அசையாத பொருளும் எப்போதும் உண்டாதலின், சிரட்டைகள் நிறைந்தே இருக்கும். பன்னிரண்டின் நுணுக்கம் முழுதும் பயன்படும். அச்சிடுதற்கு அங்குலத்துக்கு 300 புள்ளி எனக் கொண்டால், ஜி 9 இன் படம் பதின்மூன்று அங்குல அகலம் வரை செல்லும். டி 40 இன் படம் பத்தோடு நிற்கும்.

கைப்பேசியே இதையும் செய்யாதா என்று மாணவர் கேட்டனர். ஓரளவு செய்யும். ஆயினும் கைப்பேசி ஒருவருக்குச் சொந்தமானது. அவர் வெளிநாடு சென்றால் கருவியும் செல்லும், அதிலுள்ள படங்களும் செல்லும். சங்கத்துக்கென ஒரு கருவி சங்கத்து அலுமாரியில் இருப்பதே முறை.

பெரியதைக் கொடுத்துவிட்டுச் சிறியதை வைத்திருக்கிறீர்களே என்று இன்றும் சிலர் என்மேற் குறைப்படுகின்றனர். படுவான்கரைப் பாடசாலை அதிபரிடம் எதற்காகக் கமரா வேண்டுமென்று கேட்டேன். விளையாட்டுப் போட்டி, ஒளி குறைந்த ஓலைக் கொட்டகையில் நடக்கும் கலைவிழா, கூத்து என்றார். ஓடும் பிள்ளையையும் ஆடும் பிள்ளையையும் பிடிக்கத் தாமதமில்லாத டி 40 அன்றோ பொருத்தம்! எனினும் இரண்டு குறைகளை மறைக்காது கூறினேன். அதன் உடலினுள் குவியச் செய்யும் மோட்டார் இல்லாமையால், யாரேனும் பழைய நிக்கோன் வில்லை கொடுத்தால் கையாலேயே குவிக்கவேண்டிவரும். கச்சான் வீசும் மாதங்களில் வெட்டவெளியில் வில்லையைக் கழற்றினால் உணரியில் தூசு படியும். தானே தூசு தட்டும் வசதி அதில் இல்லை. 2014 இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தால், முன்போல் பாதைக்குக் காத்திராது அரைநாளிற் போய்க் கொடுத்து மீண்டோம்.

ஜி 9 இப்போது காற்றுப்புகாத பிளாஸ்ரிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொதிகளோடு இருக்கின்றது. தோலுறையை அகற்றிவிட்டேன், தோல் ஈரத்தை உறிஞ்சி வில்லைக்குக் கொடுக்கும். என் சொந்தக் கமரா கெட்டது அவ்வாறே. எடுக்கும் ஒவ்வொரு பிரதியும் கல்லூரிக் கணினியில் ஒன்றும், தொரன்ரோ நண்பரிடம் ஒன்றும், மெல்பேண் நண்பரிடம் ஒன்றுமாக மூவிடத்தில் வைக்கப்படுகின்றது. சூறாவளியும் கடலும் மூன்று கண்டங்களுக்கு ஒருங்கே வரமாட்டா.

பழைய மாணவர் தம்மிடமுள்ள படங்களைச் சனிக்கிழமை முற்பகலில் தமிழ்த்துறை அறைக்குக் கொணரலாம். அன்றே திருப்பிப் பெறலாம். கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் உரிக்கவேண்டாம், துடைக்கவும் வேண்டாம். அப்படியே துணியிற் சுற்றி எடுத்து வாருங்கள்.