லாரி குடிக்கும் தண்ணீர்

கலைக்கல்லூரி மாணவனுக்கு லாரி எஞ்சினில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நான் வசிப்பது சென்னீர்குப்பம். பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடி செல்லும் சாலையில் உள்ள ஊர். பெயரிலேயே நீரைக் கொண்ட எங்கள் ஊரில், முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும் லாரிக்காரரைக் காண்பது புதிதல்ல. என் சித்தப்பா ஒரு பழைய லாரியை வைத்துத் தொழில் செய்பவர். அவரோடு இருந்து கற்றதையே இங்கு எழுதுகிறேன்.

லாரிக்கும் சென்னைக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் நிறுவனம், இங்கிலாந்தின் லேலண்டு நிறுவனத்தோடு இணைந்து 1955இல் அசோக் லேலண்டு ஆயிற்று. எண்ணூரில் உருவான அதன் காமெட் லாரிகள் நாடெங்கும் ஓடின. டாடா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு சேர்ந்து 1954இல் ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. பெயர் எதுவாயினும், இவற்றின் எஞ்சினைக் குளிர வைப்பது தண்ணீர்தான். டீசல் எரிந்து தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை இழுக்கும் ஆற்றலாகிறது. ஒரு பெரும்பங்கு புகையோடு போகிறது. மற்றொரு பெரும்பங்கைத் தண்ணீர்தான் சுமந்து சென்று ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்க வேண்டும். அந்தத் தண்ணீரைச் சுற்றி ஓட வைப்பது வாட்டர் பம்பு. மனித உடலில் இதயம் செய்யும் பணிக்கு இதை ஒப்பிடலாம்.

பம்பின் அமைப்பு எளியது. ஒரு தண்டு, அதன் ஒரு முனையில் பெல்ட் ஓடும் புல்லி, மறுமுனையில் தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம். தண்டைத் தாங்க பேரிங், தண்ணீர் பேரிங்குக்கு வராமல் தடுக்க ஒரு சீல். இவ்விரண்டுக்கும் நடுவே, பம்பின் அடிப்புறத்தில் ஒரு சிறு துளை இருக்கும். சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்கை நனைக்காமல் இத்துளை வழியே வெளியேறும். ஆகவே துளையில் சொட்டும் நீர், ‘சீல் போய்விட்டது’ என்று பம்பு நமக்கு எழுதும் கடிதம்.

ஆனால் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது எளிதன்று. எஞ்சின் ஓடும்போது மின்விசிறி போன்ற பெரிய ஃபேன் சொட்டும் நீரைப் பின்னால் வீசியடிக்கும். சூடான இரும்பில் பட்டு அது உலர்ந்தும் போகும். எனவே நனைந்த இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு.

எங்கள் தெருவில் ஒரு தண்ணீர் லாரிக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். காலையில் ரேடியேட்டரை நிரப்பினால் மாலைக்குள் அரை வாளி குறைந்துவிடும். தரையில் ஈரமே இல்லை. ஒரு பட்டறையில், ‘ஹெட்டைக் கழற்ற வேண்டும்’ என்று கூறிவிட்டார்கள். அது உரிமையாளரின் ஒரு மாத வருவாயை விழுங்கும் செலவு. வண்டி நின்றால் கிளீனருக்கும் கூலி இல்லை. சித்தப்பா முதலில் சோதிக்கச் சொன்னார்.

ஆயில் அளவுகோலை உருவிப் பார்த்தார். ஆயில் பால் போல வெளுக்கவில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஓட விட்டார். தண்ணீரில் குமிழிகள் இடைவிடாமல் எழவில்லை. புகையும் வெண்மையாக இல்லை. ஆக, ஹெட் கேஸ்கெட் மீது ஐயம் பெரிதும் நீங்கியது. அடுத்து ரப்பர் ஹோஸ்களையும் அவற்றின் கிளிப்புகளையும் விரலால் தடவினார், காய்ந்தே இருந்தன. எஞ்சினை நிறுத்தி, ஃபேனைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார்; ஆட்டம் தெரிந்தது. பெல்ட்டைக் கழற்றிப் புல்லியைக் கையால் சுற்றியபோது ‘கரகர’ என்றது. டார்ச்சு வெளிச்சத்தில் பம்பின் அடியில் துருநிறக் கோடு ஒன்று இறங்கியிருந்தது. இரவு முழுவதும் அதன் கீழே ஓர் அட்டையை விரித்து வைத்தோம். விடியலில் அட்டையில் ஈரவட்டம். பம்பின் சீலையும் பேரிங்கையும் மாற்றியதோடு சிக்கல் தீர்ந்தது. ஹெட்டைத் தொடவே இல்லை.

சில எச்சரிக்கைகளையும் கூறவேண்டும். சொட்டும் துளையைச் சோப்பாலோ பசையாலோ அடைப்பவர் உண்டு. அப்படி அடைத்தால் நீர் பேரிங்குக்குள் புகும். பேரிங் உடைந்தால் ஃபேன் ரேடியேட்டரையே கிழித்துவிடும். ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடுவது பழைய கைவைத்தியம். அது ரேடியேட்டரின் ஊசித்துளையைச் சிறிது நேரம் அடைக்கலாம். தேய்ந்த சீலைக் குணப்படுத்தாது, நுண்குழாய்களையும் அடைக்கும். சூடான எஞ்சினில் மூடியைத் திறப்பது உயிருக்கே ஆபத்து. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடியின் கீழ், தண்ணீர் ஏறத்தாழ 111 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் குறைந்து, அது கொதித்து முகத்தில் பீறிடும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டுவதும் தவறு. வார்ப்பிரும்பு விரிசல் விடலாம்.

சீல் ஏன் தேய்கிறது? வயது ஒரு காரணம். நாம் ஊற்றும் தண்ணீர் மற்றொரு காரணம். உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீர் சூடாகும்போது சுண்ணாம்புப் படிவு உண்டாகிறது. அதன் துகள்களும் துருவும் சீலை அரத்தைப் போல் அராவுகின்றன. துருவைத் தடுக்கும் கூலன்ட் கலந்த தூய நீரே நல்லது. நம் ஊரில் நீர் உறைவதில்லையே, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்குவதும் பேரிங்கின் ஆயுளைக் குறைக்கும்.

ஒரு சீலின் விலை சிறியது. காரணத்தை ஆராயாமல் ஹெட்டைக் கழற்றினால் ஆகும் செலவோ ஒரு குடும்பத்தைக் கடனாளியாக்கும். முதலில் பார், பிறகு தொட்டுப் பார், அதன் பின்னரே கழற்று என்பது சித்தப்பாவின் முறை. ஆய்வுக்கூடத்தில் நம் பேராசிரியர்கள் கற்பிப்பதும் இதுவே அன்றோ!