பழைய பாயிண்ட் வாங்கப் போகிறீர்களா?

சென்னையை அடுத்த பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய சாமான் குவியலுக்கு நடுவே மாதிரி ரயிலைப் பாதை மாற்றிவிடும் பாயிண்ட் ஒன்று கண்ணில் பட்டால் உடனே விலை பேசாதீர்கள். முதலில் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலும் அடியில் கம்பெனி பெயரும் எண்ணும் இருக்கும். பீக்கோ எஸ்எல்-95 வலப்பக்கம் பிரியும்; எஸ்எல்-96 இடப்பக்கம்.

அடுத்து ஸ்கேல். தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே 16.5 மி.மீ. இருந்தால் எச்ஓ அல்லது ஓஓ, 9 மி.மீ. என்றால் என். எச்ஓ என்பது 87-இல் ஒரு பங்கு. ஆனால் 16.5 மி.மீ. வெளிநாட்டு 1,435 மி.மீ. பாதைக்கான அளவு. நம் அகலப்பாதைக்கு 19 மி.மீ.க்குச் சற்று மேலே வேண்டும். 1931 முதல் 2004 வரை சென்னை பீச்–தாம்பரம் மின்ரயில் ஓடிய மீட்டர்கேஜை உருவாக்க நினைப்பவர்கள் 12 மி.மீ. பாதையைத் தேட வேண்டும்.

என்னைக் கேட்டால், விலையைத் தீர்மானிக்க வேண்டியது, இரு பாதைகளின் தண்டவாளங்கள் குறுக்கிடும் கிராசிங்தான். இரண்டு தண்டவாள மாதிரிகளில் ஒன்று பிளஸ், மற்றது மைனஸ். பாதை பிரியும் இடத்தில் இரண்டும் சந்தித்தே ஆக வேண்டும். சில பாயிண்ட்களில் அந்தக் கிராசிங் முனை பிளாஸ்டிக். ஷார்ட் ஆகாது, ஆனால் மெதுவாகப் போகும் சின்ன எஞ்சின் அங்கே மின்சாரம் கிடைக்காமல் நின்றுவிடும். வேறு சிலவற்றில் முனை முழுக்க உலோகம். நகர்ந்து பாதையை மாற்றும் டங் ரெயில் எந்தப் பக்கம் ஒட்டுகிறதோ அந்தப் பக்கத்து மின்சாரமே கிராசிங்குக்கும் வரும். எஞ்சின் தடங்கலின்றி ஓடும். ஆனால் கிராசிங்கைத் தாண்டி, அதிலிருந்து கிளம்பும் இரு தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் ஜாயினர் போட மறந்தால் ஷார்ட்தான். தண்டவாள மின்சாரத்தால் ரயில் இருப்பதை அறியும் டிராக் சர்க்யூட் உள்ள நிஜ யார்டுகளிலும் இதே சிக்கல் உண்டு; அங்கேயும் இன்சுலேஷன் வைத்துத்தான் சமாளிக்கிறார்கள்.

அதனால் மல்டிமீட்டர் இல்லாமல் போக வேண்டாம். உலோகக் கிராசிங்கில் மீட்டரின் ஒரு முனையையும் வெளித் தண்டவாளத்தில் மறுமுனையையும் வையுங்கள். டங் ரெயிலை மாற்றித் தள்ளும்போது, பீப் சத்தம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற வேண்டும். எந்தப் பக்கமும் கேட்காவிட்டால் டங் ரெயில் நுனியில் அழுக்கு ஏறியிருக்கலாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். வெளித் தண்டவாளங்கள் இரண்டும் தங்களுக்குள்ளேயே இணைந்திருந்தால், நடுவில் சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது மார்க்லின் வகை. இரண்டு தண்டவாள டிசி செட்டோடு சேராது.

காந்தம் ஒட்டினால் தண்டவாளம் இரும்பு, சென்னைப் புறநகர் ஈரக்காற்றில் துருப்பிடிக்கும். நிக்கல் சில்வரில் காந்தம் ஒட்டாது. டங் ரெயில்களை இணைக்கும் டை பார் உடைந்திருந்தால் உதிரிபாக விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.