சைலன்சரைத் திறக்குமுன்…

பழைய மர அறுவை மிஷின் வைத்திருப்பவர்களுக்கு ஓர் ஆசை: பெரிய சிலிண்டர் மாட்டி, சைலன்சர் துளையையும் அகலமாக்கினால் வேகம் கூடுமே!

ஆசை தவறல்ல. ஸ்வீடன் நாட்டு ஹஸ்க்வர்னா 61 மிஷினில், அதே வகையைச் சேர்ந்த 272-ன் சிலிண்டரும் பிஸ்டனும் பொருந்தும். 48 மில்லிமீட்டர் பிஸ்டன் இருந்த இடத்தில் 52 மில்லிமீட்டர் பிஸ்டன் உட்காரும். இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

சைலன்சர் விஷயத்தில்தான் ஆபத்து. புகை தடையின்றி வெளியேறினால், உள்ளே காற்றின் பங்கு கூடி, பெட்ரோலின் பங்கு குறையும். இது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். மசகு எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைந்து, பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். புது சிலிண்டருக்குப் போட்ட பணம் வீண்!

ஆகவே, துளையை அகலமாக்கினால் கார்புரேட்டரின் 'ஹெச்' திருகை இடப்புறம் சிறிது திருப்புங்கள். முழு வேகத்தில் வெறுமனே ஓடும்போது சத்தம் சற்றுக் கரகரக்க வேண்டும். மரத்தில் வைத்ததும் சீராக வேண்டும்.

சைலன்சர் வாயில் கம்பி வலை இருந்தால் கழற்றாதீர்கள். தீப்பொறியைத் தடுப்பது அதுதான். காய்ந்த சருகுக்கு ஒரு பொறி போதும். முதலில் அந்த வலையில் படிந்த கரியைச் சுத்தம் செய்து பாருங்கள். பல மிஷின்களுக்கு வேறு வைத்தியமே தேவைப்படாது!