99 சதவீதம் தடுத்தாலும் மணி அடிக்கும்!

99 என்ற எண்ணுக்கு நம்மிடம் தனி மரியாதை. சோப்பு விளம்பரமோ, ப்ளஸ் டூ மார்க்கோ, 99 என்றால் கையெடுத்துக் கும்பிடுவோம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அது சுமாரான மார்க். மின்காந்த அலையைத் தடுக்கும் துணியில்!

துணிக்கும் அலைக்கும் என்ன சம்பந்தம்? எலக்ட்ரானிக் சாதனம் ஒவ்வொன்றும் கொஞ்சம் அலையைக் கசியவிடும். பக்கத்து சாதனத்தின் அலையை வாங்கியும் கொள்ளும். ஈ.சி.ஜி. மெஷினில் வேண்டாத அலை புகுந்தால் கோடு கோணலாகும். டாக்டர் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்! அதனால்தான் உலோக உறை. மடிக்க வேண்டிய இடத்தில் உலோக இழை ஓடும் துணி.

எங்கள் சேலம் அம்மாபேட்டையில் தறிக்கார அண்ணன் ஒருத்தரிடம் வியாபாரி ஒருவர் அப்படியொரு சாம்பிளை நீட்டினார். "செல்போன் அலையை 99 சதவீதம் தடுக்கும். ஒரு லட்சம் போடுங்க, நாலு தறிக்கு வேலை!"

அண்ணன் என்னிடம் வந்தார். "எலக்ட்ரானிக்ஸ் படிச்சவனாச்சே... நம்பலாமா தம்பி?"

"உங்க போனை அதுல சுத்துங்கண்ணே."

சுற்றினார். கூப்பிட்டேன். உள்ளேயிருந்து கணீரென்று பாட்டு!

"ஃப்ராடுப் பய!" என்று துண்டை உதறினார்.

"இருங்கண்ணே, அவர் சொன்னது நெசமாவே இருக்கலாம்" என்றேன்.

கணக்கு இதுதான். 99 சதவீதம் தடுத்தால் மிச்சம் நூறில் ஒரு பங்கு. இது 20 டெசிபல். டவர் பக்கத்தில் கிடைக்கும் சிக்னலில் லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே செல்போனுக்குப் போதும். 60 டெசிபல் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் தப்பும். அதைச் சதவீதத்தில் எழுதினால் 99.9999. நாலு ஒன்பதுதான் கூடுதல், வித்தியாசமோ பத்தாயிரம் மடங்கு!

சரி, அளப்பது எப்படி? ஒரு பக்கம் அலையை அனுப்பி, மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று முதலில் துணியில்லாமல் அளப்பார்கள். பிறகு நடுவே துணியை வைத்து அளப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் துணியின் மார்க். அதிர்வெண் மாறினால் மார்க்கும் மாறும். 'ஏ.எஸ்.டி.எம். டி4935' என்ற முறை 30 முதல் 1500 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான். 2300 மெகாஹெர்ட்ஸுக்குத் தனியாக அளக்க வேண்டும்.

அடுத்த விஷயம் அண்ணனுக்கு உடனே புரிந்தது. எஃகு இழை ஊடையில் மட்டும் ஓடினால், அதற்கு இணையாக ஆடும் அலை மாட்டிக்கொள்ளும். குறுக்கே ஆடும் அலை ஜாலியாகப் போய்விடும். "அப்ப பாவுலயும் ஓட்டணும்னு சொல்லு!" என்றார். அதேதான்! ஆன்டெனாவை நிமிர்த்தி ஒரு தடவை, படுக்கவைத்து ஒரு தடவை அளந்தால் குட்டு வெளிப்படும்.

துணி பாஸானாலும் தையல் ஃபெயிலாகலாம். 1000 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 30 செ.மீ. அதில் பாதி, 15 செ.மீ. நீளத்துக்கு விரிசல் இருந்தால் அதுவே ஆன்டெனா மாதிரி வேலை செய்யும். ஆக, துணிக்கு ஒரு டெஸ்ட், தைத்த உறைக்கு ஒரு டெஸ்ட்.

சென்னை தரமணியில் மத்திய அரசின் 'சமீர்' நிறுவனத்துக்கு மின்காந்தவியல் மையமே இருக்கிறது. சாதனங்களின் மின்காந்தக் குறுக்கீட்டைச் சோதிக்கிறார்கள்.

யாராவது 99 சதவீதம் என்று உங்களிடம் துணி நீட்டினால் மூன்றே கேள்வி கேளுங்கள். எத்தனை டெசிபல்? எந்த அதிர்வெண்ணில்? தைத்த பிறகு எவ்வளவு? பதில் காகிதத்தில் வரட்டும். அதுவரை பர்ஸின் ஜிப்பைத் திறக்காதீர்கள்... நூற்றுக்கு நூறு பாதுகாப்பு அதுதான்!