எரித்தால் என்ன, புதைத்தால் என்ன? கொள்ளைநோய்க் காலத்து ஜனாஸாக்கள் பற்றிச் சில விளக்கங்கள்

“செத்த பிறகு எரித்தால் என்ன, புதைத்தால் என்ன? எல்லாம் ஒன்றுதானே?” கொவிட் காலத்தில் தமிழ் நண்பர்கள் பலர் என்னிடம் இப்படிக் கேட்டார்கள். குத்தலாகக் கேட்டவர்கள் சிலர்தான். பெரும்பாலானவர்கள் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்கள். அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்து, ஒரே மொழியைப் பேசி வந்தாலும், ஒருவர் வீட்டுச் சாவில் மற்றவர் வாசலோடு நின்று துக்கம் விசாரித்துவிட்டுத் திரும்புவதே நம்மிடையே வழக்கம். உள்ளே என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று கேட்டறிய யுத்தமும் நமக்கு அவகாசம் தரவில்லை.

அந்தக் கேள்விக்கு ஒரு முஸ்லிமாக என்னால் முடிந்த விளக்கத்தை இங்கே எழுதுகிறேன்.

நான்கு கடமைகள்

ஒரு முஸ்லிம் மரணித்தால் உயிரோடு இருப்பவர்களுக்கு நான்கு கடமைகள் உண்டு. மையித்தைக் குளிப்பாட்டுவது, கபனிடுவது, ஜனாஸாத் தொழுகை நடத்துவது, நல்லடக்கம் செய்வது. இவற்றைப் ‘பர்ளு கிஃபாயா’ என்போம். ஊரில் சிலர் செய்துவிட்டால் எல்லோர் மீதிருந்தும் கடமை நீங்கும். ஒருவருமே செய்யாவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளியாகும். அநாதையாக இறந்துபோன வழிப்போக்கனுக்கும் இது பொருந்தும்.

குளிப்பாட்டுவது பெரும்பாலும் நெருங்கிய உறவினர்கள். ஆணுக்கு ஆண்கள், பெண்ணுக்குப் பெண்கள். உடலின் மறைவிடங்களை மூடியபடியே நீர் ஊற்றுவார்கள். கடைசி நீரில் கற்பூரம் கலப்பதுண்டு. குளிப்பாட்டும்போது உடலில் ஏதாவது குறையைக் கண்டால் வெளியில் சொல்லக் கூடாது. ஆணுக்கு மூன்று வெள்ளைத் துணிகள், பெண்ணுக்கு ஐந்து. பணக்காரருக்கும் கூலித் தொழிலாளிக்கும் அதே துணிதான். ஜனாஸாத் தொழுகையில் குனிவதும் சிரம் பணிவதும் இல்லை. நின்றபடியே நான்கு தக்பீர்கள் சொல்லி, இறந்தவருக்காகப் பிரார்த்திப்பார்கள். பிறகு கபுறில் வலப்பக்கமாக, முகம் கிப்லாவை நோக்கியிருக்கக் கிடத்துவார்கள். வந்தவர்கள் ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவார்கள்.

மனிதன் முதன்முதலில் அடக்கம் செய்யக் கற்றுக்கொண்டதைப் பற்றிக் குர்ஆனில் ஒரு சம்பவம் வருகிறது. ஆதமின் மகன் காபில் தன் தம்பி ஹாபிலைக் கொன்றுவிட்டு, உடலை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறான். மண்ணைக் கிளறும் ஒரு காகத்தை இறைவன் அனுப்புகிறான். அதைப் பார்த்துத்தான் அவன் புதைக்கக் கற்றுக்கொள்கிறான். கொலை செய்தவனுக்கும், கொல்லப்பட்டவனின் உடல் மீது ஒரு கடமை இருக்கிறது என்பதை அந்தச் சம்பவம் சொல்கிறது.

உடல் மனிதனுக்குச் சொந்தமானதல்ல, இறைவன் தந்த அமானிதம் என்பது எங்கள் நம்பிக்கை. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதைப் போன்றது என்று நபிகள் நாயகம் எச்சரித்திருக்கிறார்கள். ஆகவே உடலை எரிப்பதை நாங்கள் வேறொரு சடங்குமுறையாகப் பார்ப்பதில்லை. எங்கள் பார்வையில் அது அந்த மனிதருக்கு இழைக்கப்படும் வேதனை. இந்துக்களுக்குத் தகனம் புனிதமான கிரியை என்பதை நாங்கள் அறிவோம். ஒருவருக்குப் புனிதமான ஒன்று இன்னொருவர் மீது திணிக்கப்படும்போது அங்கே புனிதம் இருக்காது.

கொள்ளைநோய் இஸ்லாத்துக்குப் புதிதல்ல

“முஸ்லிம்கள் சுகாதார விதிகளை மதிக்கவில்லை, அதனால்தான் அடக்கம் கேட்டார்கள்” என்று அப்போது பேசியவர்கள் உண்டு. ஆனால் கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையாதீர்கள், அந்த ஊரில் இருப்பவர்கள் வெளியேறாதீர்கள் என்பது நபிகளாரின் கட்டளை. கி.பி. 639 அளவில் சிரியாவில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, அங்கு சென்றுகொண்டிருந்த கலீஃபா உமர் இந்தக் கட்டளையின்படி பாதி வழியிலேயே திரும்பினார். இறைவனின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டபோது, ஒரு விதியிலிருந்து இறைவனின் இன்னொரு விதியை நோக்கியே போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார். நபித்தோழர்களில் முக்கியமானவர்களான அபூ உபைதாவும் முஆத் பின் ஜபலும் அந்த நோயில்தான் மரணித்தார்கள்.

கொள்ளைநோயில் இறந்தவர் ஷஹீதுடைய அந்தஸ்தைப் பெறுவார் என்றும் நபிமொழி இருக்கிறது. நோயில் இறந்தவரை ஒதுக்கப்பட்டவராகவோ தண்டிக்கப்பட்டவராகவோ பார்க்கக் கூடாது என்பது இதன் பொருள்.

நான்கு கடமைகளில் எதை எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதற்கும் மார்க்கச் சட்டத்தில் இடமுண்டு. குளிப்பாட்ட முடியாவிட்டால் தயம்மும் செய்யலாம். அதுவும் ஆபத்தென்றால் அதையும் விடலாம் என்று கொவிட் காலத்தில் பல அறிஞர்கள் தீர்ப்பளித்தார்கள். உஹது யுத்தத்தில் இறந்தவர்கள் குளிப்பாட்டப்படாமல், சிலர் ஒரே கபுறில் இருவர் மூவராக அடக்கப்பட்டார்கள். உடல் எதிரில் இல்லாதபோது காயிப் ஜனாஸா தொழலாம். அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷி இறந்தபோது நபிகளார் மதீனாவிலிருந்தே தொழுதார்கள். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபி மத்ஹபில் இதற்கு அனுமதி இருக்கிறது. ஜனாஸாவில் நூறு பேர் நிற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

2020 மார்ச்சில் இலங்கைப் பள்ளிவாசல்கள் மூடப்பட்டு, ஜும்ஆத் தொழுகை நிறுத்தப்பட்டது. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் வீட்டிலேயே தொழும்படி சொன்னது. குளிப்பாட்டுவதையும், கபனிடுவதையும், கடைசியாக முகம் பார்ப்பதையும், கூட்டத்தையும் விட்டுக்கொடுக்க முஸ்லிம்கள் தயாராக இருந்தார்கள். நான்காவதை மட்டுமே கேட்டார்கள்: மண்.

மண் மறுக்கப்பட்ட 11 மாதங்கள்

கொவிட்டில் இறந்தவர்களின் உடல்களை அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 24ஆம் திகதி வழிகாட்டியது. தொற்றுநோயில் இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்பது தவறான நம்பிக்கை என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் இலங்கையில் அந்த மாத இறுதியில் நீர்கொழும்பில் இறந்த முஸ்லிம் ஒருவரின் உடல் எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. வைரஸ் நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்று காரணம் சொல்லப்பட்டது.

இதை எதிர்த்த மனுக்களை உயர் நீதிமன்றம் டிசம்பர் 1ஆம் திகதி தள்ளுபடி செய்தது. அதே மாதத்தில், பிறந்து 20 நாட்களேயான ஒரு குழந்தையின் உடல், பெற்றோரின் சம்மதமின்றிக் கொழும்பில் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். அவை கபன் துணியின் அடையாளம். சிங்களவர்களும் தமிழர்களும் கட்டினார்கள். கட்டிய துணிகள் அகற்றப்பட்டன. மீண்டும் வேறிடங்களில் கட்டப்பட்டன.

அந்த நாட்களில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் மௌலவிமாரிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான்: “என்ட வாப்பாவின் நிலை என்னவாகும்?” இதற்கான ஆறுதலும் நபிமொழியிலேயே இருந்தது. முற்காலத்தில் ஒருவர், இறைவனின் தண்டனைக்குப் பயந்து, தான் இறந்ததும் உடலை எரித்துச் சாம்பலைக் காற்றில் தூவிவிடும்படி பிள்ளைகளிடம் சொன்னார். அப்படியே செய்தார்கள். இறைவன் அந்தச் சாம்பலை ஒன்றுசேர்த்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டான். உனக்குப் பயந்துதான் என்றார். இறைவன் அவரை மன்னித்தான். சாம்பலிலிருந்தும் எழுப்ப வல்லவனிடம்தான் உங்கள் வாப்பா போயிருக்கிறார். அவர் மீது பாவமில்லை, தடுக்கப்பட்ட உங்கள் மீதும் பாவமில்லை. பலரைத் தேற்றிய விளக்கம் இதுதான்.

அப்படியானால், இறைவன் சாம்பலிலிருந்தும் எழுப்புவான் என்றால், ஏன் அவ்வளவு போராட்டம்? நண்பர்களின் கேள்வி இங்கேதான் திரும்பி வருகிறது. இறந்தவரின் மறுமை எங்கள் கையில் இல்லை. எங்கள் கையில் இருப்பது எங்கள் கடமை மட்டுமே. பெற்ற தகப்பனுக்குச் செய்யவேண்டிய கடைசிக் கடமையை, செய்ய வழியிருந்தும், செய்யவிடாமல் தடுக்கப்பட்டவர் வாழ்நாள் முழுவதும் அந்தப் பாரத்தைச் சுமக்கிறார்.

முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்தவர்களுக்கு இதை நான் நீட்டி விளக்கத் தேவையில்லை. செல் விழுந்த இடத்திலேயே பிள்ளையைப் பங்கருக்குள் மூடிவிட்டு வந்த தாய்மார் உங்களிடையே இருக்கிறார்கள். எட்டும் அந்தியேட்டியும் செய்ய முடியாமல், திதி எதுவென்றே தெரியாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். துயிலும் இல்லங்கள் உழப்பட்டபோது, எரிப்பது வழக்கமாக இருந்த சமூகத்துக்கும் ஒரு கல்லறை எவ்வளவு பெரிது என்பதை உலகம் கண்டது. எங்களிடமும் அப்படிப்பட்ட காயம் உண்டு. 1990இல் குருக்கள்மடத்தில் கடத்திக் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் முஸ்லிம்களின் குடும்பங்கள் இன்னும் ஜனாஸாவுக்காகக் காத்திருக்கின்றன. அதைச் செய்தவர்கள் யார் என்ற கசப்பு நம்மிடையே இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவதால் பயனில்லை.

அழலாமா?

முஸ்லிம் வீடுகளில் ஒப்பாரி இல்லாததைப் பார்த்து, “அழவே மாட்டார்களா?” என்று கேட்பவர்களும் உண்டு. நபிகளார் தம் மகன் இப்ராஹீம் குழந்தையிலேயே இறந்தபோது கண்ணீர் விட்டார்கள். கண் அழுவதையும் மனம் நோவதையும் மார்க்கம் தடுக்கவில்லை. கன்னத்தில் அறைந்துகொள்வது, ஆடையைக் கிழிப்பது, இறைவனின் தீர்ப்பைக் குறைசொல்லி ஓலமிடுவது ஆகியவையே தடுக்கப்பட்டவை. ‘ஸபூர்’ செய்யுங்கள் என்று எங்கள் வீடுகளில் சொல்வதன் அர்த்தம் கல்லாக இருங்கள் என்பதல்ல.

துக்கம் மூன்று நாட்கள். கணவனை இழந்த பெண்ணுக்கு இத்தாக் காலம் நான்கு மாதமும் பத்து நாட்களும். கர்ப்பிணியாக இருந்தால் பிரசவம் வரை. சாவு வீட்டில் அடுப்பு மூட்டச் சொல்லாமல் அயலவர்கள் சோறு கொண்டுவருவார்கள். மூத்தா யுத்தத்தில் ஜஃபர் இறந்தபோது, அவருடைய குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபிகளார் சொன்னதே இதற்கு முன்மாதிரி. கொவிட் இதையும் பறித்தது. வீடு தனிமைப்படுத்தப்பட்டிருக்கும். சோற்றைப் படலையடியில் வைத்துவிட்டுத் தூரத்தில் நின்று ஸலாம் சொல்வதோடு முடிந்துவிடும். உயிர் பிரியும் நேரத்தில் பக்கத்திலிருந்து கலிமாச் சொல்லிக்கொடுக்கவும் யாரும் இல்லை. இந்த இழப்பு முஸ்லிம்களுக்கு மட்டுமானதல்ல. அந்த இரண்டு வருடங்களில் சாவு நடந்த எல்லா வீடுகளும் இதை அறியும்.

ஓட்டமாவடி

2021 ஜனவரி 8ஆம் திகதி யாழ். பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. எரிக்கப்பட்ட ஜனாஸாக்களுக்காக அழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் அந்த இடிப்பைத் தமக்கு அந்நியமான செய்தியாகப் பார்க்கவில்லை. அதை எதிர்த்து நடந்த ஹர்த்தாலுக்கு முஸ்லிம் பிரதேசங்களிலிருந்தும் ஆதரவு வந்தது. பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியின் கோரிக்கைகளில் கட்டாயத் தகனத்தை நிறுத்துவதும் ஒன்றாக இருந்தது. முஸ்லிம்களும் அதில் நடந்தார்கள்.

பெப்ரவரி இறுதியில் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. முதலில் தெரிவு செய்யப்பட்ட இடம் இரணைதீவு. 1992இல் இடம்பெயர்ந்து, 2018இல் தாங்களாகவே படகேறித் திரும்பிய தமிழ் மீனவர்களின் தீவு அது. அவர்கள் எதிர்த்தார்கள். முஸ்லிம்களும் அந்தத் தெரிவை ஏற்கவில்லை. காயப்பட்ட இரண்டு சமூகங்களை மோதவிடும் வேலை என்று பலரும் புரிந்துகொண்டார்கள்.

கடைசியில் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓட்டமாவடி, மஜ்மா நகரில் இடம் ஒதுக்கப்பட்டது. 2021 மார்ச் 5ஆம் திகதி அங்கே முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் உடல்கள் வந்தன. ஒரு வருடத்தில் 3,600க்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடக்கப்பட்டார்கள். அவர்களில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் பௌத்தர்களும் இருக்கிறார்கள். ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபிகளார் எழுந்து நின்றார்கள். அவர் யூதர் என்று சொல்லப்பட்டபோது, அவரும் ஓர் ஆன்மா அல்லவா என்று கேட்டார்கள். மஜ்மா நகரில் கபுறு தோண்டியவர்கள் யாருடைய உடல் என்று பார்த்துத் தோண்டவில்லை.

2024 ஜூலையில், கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. மன்னிப்பு நல்லது. ஆனால் எந்த அறிவியலின் பேரில், யாருடைய முடிவில் இது நடந்தது என்பதற்கு யாரும் பொறுப்புச் சொல்லவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக 2017 முதல் கிளிநொச்சி வீதியோரத்தில் இருந்த தாய்மாரும் இதைத்தான் கேட்டார்கள்: நட்டஈடு வேண்டாம், என்ன நடந்ததென்று சொல்லுங்கள்.

எரித்தால் என்ன, புதைத்தால் என்ன என்று கேட்ட நண்பர்களுக்கு என் பதில் இதுதான். எரிப்பதா புதைப்பதா என்பதை இறந்தவரின் நம்பிக்கையும் அவருடைய குடும்பமும் முடிவு செய்யட்டும். அந்த முடிவை அரசு எடுக்கும்போது, இன்று அது எங்கள் ஜனாஸாவாக இருக்கும், நாளை உங்கள் கல்லறையாக இருக்கும். அடுத்த முறை அயல்வீட்டில் ஒரு சாவு நடந்தால், வாசலோடு திரும்பிவிடாமல் உள்ளே வந்து கேளுங்கள். நாங்களும் வந்து கேட்கிறோம்.